குன்றத்தூர் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விகள்

குன்றத்தூர்ல இருக்கேன்னு சொன்ன உடனே கோயிலுக்கு வர்றவங்க ஒரு மாதிரி கேக்கறாங்க, மனை பாக்கறவங்க வேற மாதிரி கேக்கறாங்க, மழைக்காலம் வந்துட்டா ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் டைப் பண்றதுக்கு பதிலா மொத்தமா எழுதி வெச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

குன்றத்தூர்னா எங்க? சென்னைக்குள்ளயா வெளியவா?

பல்லாவரத்துலேந்து பம்மல், அனகாபுத்தூர் வழியா மேற்கால வந்தா குன்றத்தூர். போரூர்லேந்து மௌலிவாக்கம், கெருகம்பாக்கம், கோவூர்னு வந்தாலும் குன்றத்தூர். பூந்தமல்லிலேந்து மாங்காடு பக்கமா தெற்க இறங்கினாலும் குன்றத்தூர்தான். மூணு பக்கமும் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டருக்குள்ள முடிஞ்சிடும். நாலாவது ரோடு ஸ்ரீபெரும்புதூர் போறது, அந்தப் பக்கம்தான் செம்பரம்பாக்கம் ஏரி.

சென்னை மாநகராட்சி எல்லை போரூர் தாண்டினதும் முடிஞ்சிடுது, அதனால கணக்குப்படி வெளிய. ஆனா சென்னை மாநகர பஸ் (எம்.டி.சி.) வருது, போன் கோடு 044, பின்கோடு 600069. வேலைக்குப் போறவன் "சென்னை"ன்னு சொல்வான், பெரியவங்க "மெட்ராஸ் போயிட்டு வரேன்"னு சொல்லிட்டு வடபழனி போவாங்க, ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருப்பாங்க.

பின்கோடு சென்னை, ஆனா ஆதார்ல காஞ்சிபுரம் மாவட்டம்னு இருக்கே, எது சரி?

ரெண்டும் சரி. பின்கோடு தபால் துறை விஷயம், மாவட்டம் வருவாய்த் துறை விஷயம். குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம், முன்னாடி ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவுல இருந்தது, இப்ப குன்றத்தூரே தனி தாலுகா. இந்தப் பக்கத்துல மாவட்ட எல்லையெல்லாம் ஒரு வேடிக்கை. போரூர் சென்னை மாவட்டம், பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம், பல்லாவரம் 2019லேந்து செங்கல்பட்டு மாவட்டம், நடுவுல நாங்க காஞ்சிபுரம். ஒரு பைக்க எடுத்துட்டு கிளம்பினா அரை நாளுக்குள்ள நாலு மாவட்டம் சுத்திட்டு வந்துடலாம், கலெக்டரப் பாக்கணும்னா மட்டும் காஞ்சிபுரம் வரைக்கும் போகணும்.

அப்ப எந்த வேலைக்கு எந்த ஆபீஸ் போறது?

வீட்டு வரி, குடிநீர் கனெக்‌ஷன், குப்பை, தெரு லைட்டு இதெல்லாம் குன்றத்தூர் நகராட்சி. ரொம்ப காலம் பேரூராட்சியா இருந்துட்டு 2021ல நகராட்சி ஆச்சு, மாங்காடும் அதே வருஷம்தான். பட்டா, சாதி சான்று, வருமான சான்று எல்லாம் தாலுகா ஆபீஸ். பத்திரம் பதிய குன்றத்தூர்லயே சார் பதிவாளர் ஆபீஸ் இருக்கு. வண்டிக்கும் ஊர்லயே ஆர்.டி.ஓ., டிஎன் 85ன்னு நம்பர் பாத்தீங்கன்னா அது எங்க ஊர் வண்டி.

வீடு கட்டற பிளான் மட்டும் பலருக்கு குழப்பம். குன்றத்தூர் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள்ள வருது, அதாவது மாநகராட்சிக்கு வெளிய இருந்தாலும் நகரத் திட்டத்துக்கு உள்ள. அதனால லேஅவுட்னா சி.எம்.டி.ஏ. அப்ரூவல் இருக்கான்னுதான் கேக்கணும், "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார்"னு யாராவது சொன்னா நைசா நகந்துடுங்க. எம்.பி. தொகுதி ஸ்ரீபெரும்புதூர்.

ட்ரெயின் இருக்கா? மெட்ரோ வருமா?

ஊருக்கு ரயில் ஸ்டேஷன் கிடையாது. பக்கத்துல பல்லாவரம், அங்க போய்தான் பீச்–செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயின் புடிக்கணும். மெட்ரோவுல ரெண்டாம் கட்டத்துல கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி பைபாஸ் பாதை, 26 கிலோமீட்டர், அது போரூர் வழியா போகுது, குன்றத்தூரைத் தொடல. மனை விக்கறவங்க போடற நோட்டீஸ்ல "மெட்ரோ மிக அருகில்"னு பாத்தா அது போரூர், இல்லன்னா பூந்தமல்லின்னு மனசுக்குள்ள மாத்திப் படிச்சுக்கோங்க.

ரோடுல பெரிய மாத்தம் வெளிவட்ட சாலையாலதான். வண்டலூர்லேந்து மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டர், ஊரை ஒட்டியே போகுது, வண்டலூர்லேந்து நெமிலிச்சேரி வரைக்கும் 2014ல திறந்தாங்க. தாம்பரம் பக்கம் போறவங்களுக்கும் ஆவடி பக்கம் போறவங்களுக்கும் உயிர் வந்த மாதிரி ஆச்சு. ஊருக்குள்ள இருக்கற ரோடு மட்டும் அப்படியேதான் இருக்கு, அதுல கண்டெய்னரும் வருது, கல்யாண வேனும் வருது.

முருகன் கோயில் எத்தனை படி? அம்மாவுக்கு முட்டி வலி, ஏற முடியுமா?

84 படி. பழனி மாதிரியெல்லாம் நெனச்சு பயப்படாதீங்க, நிதானமா உக்காந்து உக்காந்து ஏறினா பெரியவங்களும் ஏறிடறாங்க. வண்டி மேல போற பாதையும் இருக்கு, ஆனா கிருத்திகை, தைப்பூசம், பங்குனி உத்திரம், கந்த சஷ்டி மாதிரி நாள்ல அத நம்பி வராதீங்க, கூட்டத்துல எங்க நிறுத்தச் சொல்வாங்கன்னு சொல்ல முடியாது. முட்டி வலி உள்ளவங்களக் கூட்டிட்டு வர்றதா இருந்தா விசேஷம் இல்லாத வார நாள் காலைல வாங்க.

கோயில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்துதுன்னு சொல்றாங்க. கதை என்னன்னா, திருப்போரூர்ல அசுரங்களோட சண்டை முடிச்சுட்டு திருத்தணிக்குப் போற வழியில முருகன் இந்தக் குன்றுல தங்கினாராம், அதனால இதுக்கு தென்தணிகைன்னு ஒரு பேரு. அப்ப அவர் கும்பிட்ட லிங்கம்தான் அடிவாரத்துல இருக்கற கந்தழீஸ்வரர். நிறைய பேரு மேல ஏறி எறங்கிட்டு அப்படியே பஸ் ஏறிடறாங்க, கந்தழீஸ்வரரையும் பக்கத்துப் பெருமாள் கோயில் ஊரகப் பெருமாளையும் கண்டுக்கறதே இல்ல. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

சாமி பக்கத்துல வள்ளி தெய்வானை ரெண்டு பேரும் ஒண்ணா தெரியலயே, நான் சரியா பாக்கலயா?

நீங்க சரியாத்தான் பாத்தீங்க. நேரா நின்னா முருகன் மட்டும்தான் தெரிவாரு. ஒரு பக்கம் தள்ளி நின்னா வள்ளியோட, இன்னொரு பக்கம் போனா தெய்வானையோட. கருவறை அமைப்பே அப்படி. அதனால கூட்டம் இல்லாத நேரத்துல போனா ரெண்டு பக்கமும் நின்னு பாத்துட்டு வாங்க, விசேஷ நாள்ல "நகரு நகரு"ன்னு தள்ளிடுவாங்க, பாதி தரிசனத்தோட வர வேண்டியதுதான். இன்னொண்ணு, சாமி வடக்க பாத்து நிக்கறாரு, முருகன் கோயில்ல இது அபூர்வம்.

அங்க கல்யாணம் வெச்சுக்கணும், எப்படி?

அறநிலையத் துறை கோயில், அதனால கோயில் ஆபீஸ்ல முன்னாடியே போய் பதிவு பண்ணணும். ரெண்டு பேரோட அடையாள அட்டை, வயசுக்கு ஆதாரம், முதல் கல்யாணம்தாங்கறதுக்கு சான்று இதெல்லாம் கேப்பாங்க, என்னென்ன வேணும்னு நேர்ல கேட்டு எழுதிட்டு வந்துடுங்க. கிருத்திகை அன்னிக்கு முகூர்த்தமும் சேந்து வந்தா சொந்தக்காரங்ககிட்ட அரை மணி நேரம் முன்னாடியே டைம் சொல்லிடுங்க. தாலி கட்டி முடிஞ்சப்புறம் மாமா சன்னதித் தெரு டிராஃபிக்ல நின்னுட்டு போன் பண்ற கதை இங்க ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நடக்குது.

சேக்கிழார் நெஜமாவே உங்க ஊரா, இல்ல சும்மா சொல்லிக்கறீங்களா?

நெஜமாவேதான். தொண்டை மண்டலத்துல 24 கோட்டம்னு பிரிச்சிருந்தாங்க, அதுல புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர்தான் அவர் பொறந்த ஊர்னு உமாபதி சிவம் எழுதின சேக்கிழார் புராணம் சொல்லுது. சேக்கிழார்ங்கறது குடிப்பேரு, அவர் பேரு அருண்மொழித்தேவர். இரண்டாம் குலோத்துங்கன்கிட்ட, அதாவது 1133லேந்து 1150 வரைக்கும் ஆண்ட அநபாய சோழன்கிட்ட முதலமைச்சரா இருந்தாரு, உத்தமசோழப் பல்லவர்னு பட்டமும் வாங்கினாரு. தம்பி பேரு பாலறாவாயர்.

அவர் அரசவைக்குப் போன கதை ஊர்ல சின்னப் பசங்களுக்குக் கூட தெரியும். ராஜா மூணு கேள்வி கேட்டானாம்: மலையை விடப் பெருசு எது, உலகத்த விடப் பெருசு எது, கடலை விடப் பெருசு எது. அப்பா பதில் தெரியாம முழிக்க, பையன் மூணுக்கும் குறள்லேந்தே எடுத்துக் குடுத்தானாம். நிலை மாறாம அடங்கி இருக்கறவன் தோற்றம் மலையை விடப் பெருசு, காலத்துல செஞ்ச உதவி உலகத்த விடப் பெருசு, பலன் எதிர்பாக்காம செஞ்ச உதவி கடலை விடப் பெருசு. 124, 102, 103ன்னு குறளப் புரட்டிப் பாருங்க, மூணும் "பெரிது"ன்னுதான் முடியும். கதை நடந்துச்சோ இல்லையோ, கோர்த்தவன் கெட்டிக்காரன்.

அப்புறம் பெரிய புராணம் எழுதினது உங்களுக்கே தெரியும். சுந்தரரும் நம்பியாண்டார் நம்பியும் சுருக்கமா சொன்ன அடியார்கள எடுத்து 4,000 பாட்டுக்கு மேல விரிச்சு எழுதினாரு, அதுவே பன்னிரண்டாம் திருமுறை ஆச்சு. சிதம்பரத்துல ஆயிரங்கால் மண்டபத்துல அரங்கேற்றம், யானை மேல ஏத்தி ராஜாவே பின்னாடி உக்காந்து சாமரம் வீசினான்னு சொல்வாங்க. எனக்குப் பிடிச்சது வேற: ஒரு முதலமைச்சர் உக்காந்து எழுதின புத்தகத்துல வண்ணார், குயவர், மீனவர், வேடர்னு இருக்கறவங்களும் நாயகனுங்க. வைகாசி பூசத்துக்கு அவருக்கு குருபூஜை, அந்த நாள்ல ஊருக்கு வந்து பாருங்க.

நாகேஸ்வரம்னா கும்பகோணம் பக்கத்துல இருக்கறதுதானே? இங்க எப்படி?

மேல சொன்ன சேக்கிழார்தான் காரணம். சோழ நாட்டுல வேலை பாக்கும்போது அங்க இருக்கற திருநாகேஸ்வரம் மேல அவருக்கு ரொம்ப பிடிப்பு. சொந்த ஊருக்கு அந்தச் சாமி வேணும்னு இங்க ஒரு கோயில் கட்டினாரு, அதான் வட நாகேஸ்வரம். அம்மன் காமாட்சி. சேக்கிழாருக்கும் கோயிலுக்குள்ள சன்னதி இருக்கு. முருகன் மலைலேந்து ரொம்ப தூரமும் இல்ல.

பால் ஊத்தினா நீலமா மாறுமான்னு கேப்பாங்க. அந்தப் பேச்சு கும்பகோணம் பக்கத்து ராகு சிலைக்கு, இங்க அத எதிர்பாத்து வராதீங்க. ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரைலேந்து ஆறு, பால் பாக்கெட்டோட கூட்டம் வர்ற நேரமும் அதுதான். இடிபடாம கும்பிடணும்னா வேற நேரத்துல போங்க.

சென்னையிலயே நவக்கிரகக் கோயில் ஒம்போதும் இருக்காமே, லிஸ்ட் சொல்லுங்க.

ராகு மேல சொன்ன வட நாகேஸ்வரம். அங்கேந்து போரூர் ரோட்டப் புடிச்சா கோவூர் சுந்தரேஸ்வரர் புதன், கெருகம்பாக்கம் நீலகண்டேஸ்வரர் கேது, கொஞ்சம் விலகி கொளப்பாக்கம் அகத்தீஸ்வரர் சூரியன், போரூர் ராமநாதேஸ்வரர் குரு. மாங்காடு வெள்ளீஸ்வரர் சுக்கிரன் (காமாட்சி அம்மனுக்கு மட்டும் போயிட்டு வந்துடாதீங்க), பூந்தமல்லி வைத்தீஸ்வரன் செவ்வாய். சோமங்கலம் சந்திரன், பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் சனி. ஒரே நாள்ல ஒம்போதும் முடிக்கறேன்னு சிலர் வேன் வெச்சுட்டு ஓடறாங்க, மதியம் நடை சாத்தற நேரத்த மறந்துட்டு நாலாவது கோயில் வாசல்ல உக்காந்திருப்பாங்க. ரெண்டு நாளா பிரிச்சுக்கோங்க.

கோவூர்ல கச்சேரி சம்பந்தமா ஏதோ இருக்குன்னு சொன்னாங்களே?

தியாகராஜர் வந்த ஊர் அது. கோவூர் சுந்தரேச முதலியார்னு ஒரு பெரிய மனுஷர் கூட்டிட்டு வந்தாரு. தன்னைப் பத்தி ஒரு பாட்டு பாடணும்னு அவருக்கு ஆசை, தியாகராஜர் மனுஷனப் பாடமாட்டேன்னுட்டு ஊர்க் கோயில் சுந்தரேஸ்வரர் மேல அஞ்சு கீர்த்தனை பாடினாரு, அதான் கோவூர் பஞ்சரத்னம். சஹானா, கரகரப்ரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம்னு அஞ்சு ராகம். முதலியாருக்கும் பேரு நின்னுடுச்சு, வேற வழியில.

திரும்பிப் போகும்போது முதலியார் ரகசியமா பல்லக்குல வெச்ச பணத்துக்காக திருடனுங்க வந்ததாகவும், ராம லட்சுமணர் ரெண்டு வில்லாளியா வந்து காவல் காத்ததாகவும் ஒரு கதை உண்டு. குன்றத்தூர் வர்றவங்க போரூர் வழியா வந்தீங்கன்னா கோவூர் வழியில தானா வரும், எறங்கிட்டு வாங்க.

குன்றத்தூர்ல பட்டுப் புடவை மலிவா கெடைக்கும்னாங்க, எந்தக் கடை?

கடை பேரெல்லாம் சொல்லமாட்டேன். ஊர்ல பட்டு நெய்யற குடும்பங்க தலைமுறையா இருக்காங்க, சில தெருவுல இன்னும் தறிச் சத்தம் கேக்கும், ஆனா முன்ன மாதிரி இல்ல. ஒரு புடவைக்கு வீட்டுல ரெண்டு பேரு பல நாள் உக்காரணும், வர்ற கூலிய அதால வகுத்துப் பாத்தா பசங்க திருமுடிவாக்கம் சிட்கோவுலயோ ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிலயோ போய் ஷிப்ட்டு பாக்கறது ஏன்னு புரியும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் கைக்கெட்டற தூரம், கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து நிக்குது.

மழைக்காலம் வேற ஒரு தொல்லை. குழித்தறின்னா கால் வெக்கற பள்ளத்துல தண்ணி ஊறிடும், பாவும் ஈரம் புடிச்சு வேலை ஓடாது. மலிவுன்னு வராதீங்க. நெய்யறவங்ககிட்ட நேரா வாங்கினா நடுவுல இருக்கறவன் லாபம் கொறையும், அவ்வளவுதான். அசல் ஜரிகைக்கும் கோர்வைக்கும் (கரையத் தனியா நெஞ்சு உடலோட கோக்கற வேலை) உள்ள வெல இருக்கத்தான் செய்யும். பக்கத்து அனகாபுத்தூரும் நெசவு ஊர்தான், அங்கேந்து மெட்ராஸ் கட்டம் போட்ட துணி ஒரு காலத்துல நைஜீரியா வரைக்கும் போச்சு, இப்ப வாழைநார்ல புடவை நெய்யறாங்க.

செம்பரம்பாக்கம் தொறந்துட்டாங்கன்னு டிவியில போடறான், நீங்க பத்திரமா இருக்கீங்களா?

இதுதான் எல்லாரும் கேக்கற அந்த ஒரே கேள்வி. ஊர் மொத்தமும் ஒரே உயரத்துல இல்ல. மலையைச் சுத்தின பழைய ஊர் கொஞ்சம் மேடு, அங்க ஏரித் தண்ணி வந்து நிக்காது. சிக்கல் எல்லாம் உபரி நீர் போற வழியில இருக்கறவங்களுக்கு. ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கைல வர்ற பேரு இதுதான்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை, அடையாறு. தண்ணி போற வரிசையும் அதுதான், நியூஸ்ல வர்றத மேப்புல வெச்சுப் பாத்தா உங்க சொந்தக்காரங்க வீடு அதுல எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

நம்பர் வெச்சு எப்படிப் புரிஞ்சுக்கறதுன்னா, ஏரியோட முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3.645 டி.எம்.சி., அதாவது 364 கோடி கன அடிக்கு மேல. 22 அடி தொட்டாலே அதிகாரிங்க உஷாராயிடுவாங்க. ஆயிரம் கன அடி தொறந்தாங்கன்னா ஒரு செகண்டுக்கு 28,000 லிட்டருக்கு மேல, அதாவது பன்னெண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி ரெண்டு ஒவ்வொரு செகண்டும் காலியாகற கணக்கு. கேக்க பயமா இருக்கும், ஆனா வாய்க்கால் அத தாங்கும். 2020 நவம்பர் 25, நிவர் புயல் அன்னிக்கு ஆயிரத்துல ஆரம்பிச்சு பல ஆயிரம் வரைக்கும் ஏத்தினாங்க, 2015 வெள்ளம் மாதிரி ஆகல.

2015 டிசம்பர் 1, 2ல போனது 29,000 கன அடி. அந்த வேகத்துல விட்டா நெறஞ்ச ஏரியே ஒன்றரை நாள்ல காலியாயிடும், நீங்களே வகுத்துப் பாருங்க. அதனால "தொறந்துட்டாங்க"ங்கறதுக்கு பதறாதீங்க, எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை ஏத்தறாங்கன்னு பாருங்க. ஆயிரம் ரெண்டாயிரம்னா ஸ்ரீபெரும்புதூர் ரோடு பக்கம் வேடிக்கை பாக்கற கூட்டத்தாலதான் தொல்லை. சாயங்காலத்துக்குள்ள நம்பர் பல மடங்கு ஏறுச்சுன்னா தாழ்வான பக்கம் இருக்கறவங்க அன்னிக்கு ராத்திரி அங்க தூங்கக் கூடாது.

2015ல முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கினதும் இந்த ஏரியாலதானே?

இல்ல. இத எத்தனை பேருக்கு சொன்னாலும் நம்பமாட்டேங்கறாங்க. அடையாறு ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிங்கள்லேந்து கிளம்பி முடிச்சூர், வரதராஜபுரம் வழியா வருது. செம்பரம்பாக்கம் உபரி நீர் அதுக்கெல்லாம் கீழ, திருநீர்மலை பக்கமா வந்துதான் ஆத்துல சேருது. கீழ சேர்ற தண்ணி மேல இருக்கற ஊர எப்படி மூழ்கடிக்கும்? அங்க மூழ்கினது அந்தப் பக்கத்து ஏரிங்க எல்லாம் ஒண்ணா நெறஞ்சு வழிஞ்சதால, ஆத்தோட இடத்துல வீடு வந்ததால.

செம்பரம்பாக்கத்துக்குக் கீழ, அதாவது நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கமெல்லாம் ரெண்டு தண்ணியும் சேந்து போச்சு. யார் எப்ப தொறந்திருக்கணும்ங்கற சண்டை வேற, அது நியாயமான சண்டை. ஆனா ஒரு ஷட்டர் மேல மொத்தப் பழியும் போட்டுட்டா ஆத்தங்கரையில கட்டினவன், கட்ட விட்டவன் எல்லாம் தப்பிச்சுடறான்.

ஏரி பக்கத்துலயே இருந்துட்டு ஏன் தண்ணி லாரிக்கு நிக்கறீங்க?

ஏரித் தண்ணி மெட்ராஸுக்கு. செம்பரம்பாக்கத்துல ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கற நிலையம் 2007லேந்து இருக்கு, அங்கேந்து பெரிய குழாய்ல நகரத்துக்குப் போகுது. பூண்டிலேந்து கால்வாய்ல வர்ற தண்ணியும் இந்த ஏரிக்குத்தான் வந்து சேருது. கரையில இருக்கற ஊருங்க இன்னும் போர்வெல்லையும் லாரியையும்தான் நம்பியிருக்கு, உள்ள வந்து குடியேறினவங்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

2019ல ஏரியே வறண்டு போச்சு. அப்ப ஊருக்குப் பக்கத்துல சிக்கராயபுரத்துல கைவிட்ட கல்குவாரி பள்ளங்கள்ல தேங்கியிருந்த தண்ணியக் கூட இறைச்சு செம்பரம்பாக்கத்துல சுத்தம் பண்ணி நகரத்துக்கு அனுப்பினாங்க, 2017 வறட்சிலயும் அதே. அந்தக் குவாரிப் பக்கம் லீவு நாள்ல பசங்க குளிக்கப் போறாங்க. ஆழம் தெரியாது, படி கிடையாது, செங்குத்துப் பாறை. தயவு செஞ்சு விடாதீங்க.

மனை வாங்கலாமா? வெல இன்னும் ஏறுமா?

வெல ஏறுமான்னு எனக்கு ஜோசியம் தெரியாது. வாங்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்னு மட்டும் சொல்றேன். சி.எம்.டி.ஏ. விஷயம் மேலயே சொல்லிட்டேன். அப்ரூவல் இல்லாத பழைய மனைன்னா 2017ல வந்த வரன்முறைத் திட்டத்துல சேத்திருக்காங்களான்னு கேளுங்க, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிஞ்ச மனைகளுக்குத்தான் அது. வில்லங்கம், பட்டா எல்லாரும் பாக்கறாங்க, அதுல நிறுத்திடறாங்க. சர்வே நம்பர வெச்சு ஏ-ரிஜிஸ்டர்ல (வருவாய்த் துறையோட நிலப் பதிவேடு) அந்த நிலம், பக்கத்து நிலம் ரெண்டும் என்ன வகைன்னு பாருங்க, புல வரைபடத்துல வாய்க்கால் ஏதும் ஓடுதான்னு பாருங்க. இப்ப காங்க்ரீட் ரோடா இருக்கறது வரைபடத்துல வாய்க்காலா இருக்கும், மழைக்கு அந்த வரைபடம்தான் ஞாபகம் இருக்கும்.

மண்ணும் முக்கியம். குன்றத்தூர்–போரூர் ரோட்டுல இருக்கற மௌலிவாக்கத்துலதான் 2014 ஜூன் 28ல கட்டிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிஞ்சு 61 பேரு செத்தாங்க. அதனால அபார்ட்மெண்டுனா மண் பரிசோதனை ரிப்போர்ட் கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. எல்லாத்துக்கும் மேல, ஐப்பசி கார்த்திகைல அடை மழை பேஞ்ச மறுநாள் மனையப் போய் பாருங்க, விக்கறவர் "சனிக்கிழமை வெயில் வந்ததும் போலாம் சார்"னு சொன்னா அவர் இல்லாமயே போயிட்டு வாங்க. பக்கத்து டீக்கடைல "2015ல இங்க எது வரைக்கும் வந்துச்சு?"ன்னு கேளுங்க, சுவத்துல கை வெச்சு காட்டுவாங்க.

மாநகராட்சில சேந்துட்டா எல்லாம் சரியாயிடுமா?

பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலை எல்லாம் 2021ல தாம்பரம் மாநகராட்சிக்குள்ள போச்சு, நாங்க தனி நகராட்சியா நின்னோம். சேந்தா வரி ஏறும்னு ஒரு பக்கம் பயம், சேந்தா பாதாள சாக்கடை வரும்னு இன்னொரு பக்கம் ஆசை. என் கருத்து என்னன்னா, அனகாபுத்தூர்காரங்கள கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, மழைத் தண்ணிக்கு எந்த போர்டு வெச்ச ஆபீஸ்னு தெரியாது, வழி இருந்தா போகும். பேரு மாத்தறதுல எனக்குப் பெருசா நம்பிக்கை இல்ல, காவனூர் பக்கம் உபரி நீர் வாய்க்கால அகலப்படுத்தி கரை கட்டினா அதுவே போதும்பேன்.

ஒரே ஒரு நாள் வர்றோம், எத பாக்கறது?

காலைல ஏழு மணிக்குள்ள மலை ஏறிடுங்க, வெயிலுக்கு முன்னாடி. மேலேந்து பாத்தா மேற்கால ஏரி தெரியும். எறங்கி கந்தழீஸ்வரர், ஊரகப் பெருமாள், அப்புறம் நாகேஸ்வரம், இதெல்லாம் நடை சாத்தறதுக்கு முன்னாடி பத்து பத்தரைக்குள்ள முடிச்சிடலாம். டிபன ஊருக்குள்ளயே சாப்பிட்டுட்டு போரூர் ரோட்டுல கோவூர் போங்க, அங்க பன்னெண்டு மணிக்கு முன்னாடி போய் சேரணும். சாயங்காலம் வரைக்கும் இருக்கறதா இருந்தா மாங்காடு. ஏரிக்கரைக்குப் போறதுன்னா பகல்ல போங்க, ஷட்டர் தொறந்திருக்கற நாள்ல வேண்டாம், போலீஸ் திருப்பி அனுப்பிடுவாங்க. திரும்பிப் போகும்போது சாயங்காலம் அஞ்சரைலேந்து எட்டு வரைக்கும் பல்லாவரம் ரோட்டத் தவிர்த்துட்டு வெளிவட்ட சாலை புடிச்சுடுங்க.